பாபநாசம் மலைக் காணிக்காரர் பேச்சும் பழங்கதையும்: பதிவு பண்ணி வைத்தால் போதுமா?

அம்பைக்காரன்:

திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் பக்கம் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வேலை பண்ணலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பாபநாசத்துக்கு மேலே சின்ன மைலாறு, பெரிய மைலாறு, அகஸ்தியர் காணிக்குடியிருப்பு, சேர்வலாறு, காரையாறு அணையைத் தாண்டி இஞ்சிக்குழி என்று காணிக்காரப் பழங்குடியினர் குடியிருப்புகள் இருப்பது இங்கே பலருக்கும் தெரியும். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோவிலுக்கு வண்டி கட்டிக்கொண்டு போகிற கூட்டம் அந்தப் பாதையில்தான் போய்வருகிறது. ஆனால் அங்கே இருக்கிற ஜனங்கள் வீட்டுக்குள் என்ன பேச்சுப் பேசுகிறார்கள் என்று காது கொடுத்தவர்கள் எத்தனை பேர்? மலம்பாஷை என்று அவர்களே சொல்லுகிறார்கள். தமிழ் மாதிரியும் இருக்கும், மலையாளம் மாதிரியும் இருக்கும், வேகமாகப் பேசினால் நமக்குப் பிடிபடாது.

வயசானவர்களிடம்தான் அது முழுசாக இருக்கிறதாம். அதனால் பாட்டு, கதை, அணை கட்டுவதற்கு முந்தைய நிலவரம் எல்லாவற்றையும் செல்போனிலாவது பிடித்து யூடியூபில் ஏற்றிவிட்டால் அழியாமல் இருக்குமே என்பது எங்கள் எண்ணம். யாருக்காவது அனுபவம் இருந்தால் சொல்லுங்கள். என்ன கேட்கணும், எப்படிக் கேட்கணும், எது தெரிந்தாலும் சரி.

கல்லிடை வாத்தியார்:

நல்ல காரியம் தம்பி. கிளம்புவதற்கு முன்னால் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்ப்போம் என்று காகிதத்தில் தேடினால் பெரிசாக ஒன்றும் சிக்காது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரர் காலத்தில் கிரியர்சன் தலைமையில் நடந்த இந்திய மொழிகள் கணக்கெடுப்பு எவ்வளவு பெரிய வேலை, ஆனால் அது சென்னை மாகாணத்துக்குள்ளும் நுழையவில்லை, திருவிதாங்கூருக்குள்ளும் நுழையவில்லை. ஆக நம் மலையின் கிழக்குச் சரிவும் போச்சு, மேற்குச் சரிவும் போச்சு. அப்புறம் 1971 முதல் மக்கள்தொகைக் கணக்கில் 10,000 பேருக்குக் குறைவானவர்கள் பேசுகிற மொழியைப் பெயர் சொல்லித் தனியாக வெளியிடுவதில்லை. கணக்கெடுக்க வருகிறவர் தாய்மொழி தமிழ் என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனால் யார் கேட்கப் போகிறார்கள்?

1909இல் வெள்ளைக்கார அதிகாரி தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதியாக வெளியிட்டதில் காணிக்காரரைப் பற்றி நல்ல நீளமாகவே இருக்கிறது. பெரும்பாலும் திருவிதாங்கூர்ப் பக்கத்துச் செய்தி. அதிகாரி பார்வையில் எழுதினது என்பதை மனசில் வைத்துக்கொண்டு படிக்கலாம்.

இன்னொன்று, அடையாளத்தையே எல்லைக்கோடு போட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் காணிக்காரர் என்ற பெயரை ஒட்டியே கன்னியாகுமரி மாவட்டம், திருநெல்வேலி மாவட்டத்துச் செங்கோட்டை, அம்பாசமுத்திரம் தாலுகாக்கள் என்று போட்டிருக்கும். அந்தச் செங்கோட்டையே 1956 நவம்பரில்தான் நம் பக்கம் வந்தது. அதே ஜனம் மலைக்கு அந்தப் பக்கம் நெடுமங்காடு, நெய்யாற்றின்கரைக் காடுகளிலும் இருக்கிறது. கோடெல்லாம் கீழே உட்கார்ந்து போட்டது.

இது மொழியா, வட்டார வழக்கா என்று யாராவது ஆரம்பித்தால் இந்த இழை இங்கேயே சமாதி. தமிழ்-மலையாளக் குடும்பத்துக்குள்ளே வைக்கிறார்கள், அதோடு விடுவோம்.

தாமிரவருணித் தண்ணீ:

கேட்கிறேன் என்று கோபப்படாதீர்கள். அந்தப் பிள்ளைகள் தமிழ் படித்து, இங்கிலீஷ் படித்து, நாலு காசு சம்பாதித்து மேலே வரட்டுமே. பாட்டி பேசின பேச்சைப் பேரன் பேசாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? நம்ம திருநெல்வேலிப் பேச்சே போய்க்கொண்டிருக்கிறது. சென்னையில் ஆபீசில் ‘ஏல’ என்று வாய் தவறி வந்துவிட்டால் பக்கத்து சீட்டுக்காரன் சினிமா வசனம் மாதிரி திருப்பிச் சொல்லிச் சிரிக்கிறான், நாமும் மாறிக்கொண்டோம். அதற்கு யாரும் மைக் தூக்கிக்கொண்டு வரவில்லை. மலையில் இருப்பவர்களுக்கு ரோடும் ஆஸ்பத்திரியும் கேட்பதை விட்டுவிட்டு பாட்டு கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி?

மேலணைக்காரி:

நான் காணிக்காரப் பொண்ணு. எந்தக் குடியிருப்பு என்று சொல்லப் போவதில்லை, எங்களில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். நர்சிங் படித்துவிட்டு இப்போது திருநெல்வேலியில் வேலை பார்க்கிறேன்.

தண்ணீ அண்ணாச்சிக்கு முதலில் பதில். ரோடு, ஆஸ்பத்திரி வேண்டாம் என்று யார் சொன்னது? இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கணும் என்று எங்களிடம் யாரும் கேட்கவும் இல்லை, நாங்கள் ஒத்துக்கொள்ளவும் இல்லை. நான் தமிழில் படித்தேன், இங்கிலீஷில் பரீட்சை எழுதினேன், ஆச்சியிடம் இன்றைக்கும் மலம்பாஷையில்தான் பேசுகிறேன். மூன்றும் ஒரே மண்டைக்குள்தான் கிடக்கிறது, ஒன்றையொன்று இடிக்கவில்லை.

என் தம்பிக்கு அப்படி இல்லை. அவன் ஆறு வயசிலேயே ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். அங்கே வாயைத் திறந்தாலே சிரிப்பு. ஒரு வார்டன் அம்மா ‘காட்டுப் பேச்செல்லாம் காட்டோடு வை’ என்று சொல்வார்களாம், திட்டுகிற மாதிரிகூட இல்லை, செல்லமாகத்தான். இப்போது ஆச்சி சொல்வது அவனுக்கு ஒரு எழுத்து விடாமல் புரியும், ஆனால் பதில் தமிழில்தான் வரும். எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்கிற ஒரு பாறை இருக்கிறது. ஆச்சி அங்கே வந்து உட்கார்ந்து போன் பேசும். என்னிடம் பேசி முடித்து தம்பியிடம் போனைக் கொடுத்தால் முதல் இரண்டு பேச்சு எங்கள் பேச்சில் போகும். தம்பி தமிழில் சொல்வான். மூன்றாவது பேச்சில் ஆச்சியும் தமிழுக்கு வந்துவிடும். அது தட்டுத்தடுமாறிப் பேசுகிற தமிழ், என்னிடம் வளவளவென்று பேசின அதே ஆச்சி அவனிடம் ‘சாப்டியா, நல்லாருக்கியா, சரி வச்சிரு’ என்று முடித்துவிடும். ஆச்சிக்குத் தெரிந்த கதை ஒன்றுகூட அவனுக்குப் போய்ச் சேராது. நீங்கள் கேட்ட குடி முழுகுவது என்பது எங்கள் வீட்டில் இப்படித்தான் இருக்கிறது.

இனி அம்பைக்கார அண்ணனுக்கு. யூடியூப் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏற்கெனவே வந்தார்கள், போனார்கள். கொக்கரை வாத்தியம் அடித்துக் காட்டு, தேன் எடுத்துக் காட்டு, மரச்சீனி அவித்துக் காட்டு என்று ஒரு பகல் முழுக்க வேலை வாங்கிவிட்டு ‘காட்டுவாசிகளின் மர்ம வாழ்க்கை’ என்று போட்டார்கள். அதில் என் சித்தப்பா முகம் இருக்கிறது. என்கூட வேலை பார்க்கிற பொண்ணு அதை எனக்கே அனுப்பி ‘இது உங்க பக்கமா’ என்று கேட்டாள்.

கல்லிடை வாத்தியார்:

அம்மா, ஆச்சியின் போன் பேச்சைப் பற்றிச் சொன்னீர்களே, அந்த மூன்றாவது பேச்சுதான் விஷயமே. 2003இல் யுனெஸ்கோ நிபுணர் குழு ஒரு மொழி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒன்பது அளவுகோல் வைத்தது. அதில் முதலாவது, பெரியவர்களிடமிருந்து பிள்ளைகளுக்குப் போய்ச் சேருகிறதா என்பது. எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

தண்ணீ தம்பி, நம்ம ‘ஏல’ போனால் நமக்குத் திரும்பிப் போய்ப் படிக்க வில்லுப்பாட்டு இருக்கிறது, அச்சில் கதைப்பாடல் இருக்கிறது, நாவல் இருக்கிறது. சொரிமுத்தையனார் கோவிலிலேயே பாரும். முத்துப்பட்டன் கதை எங்கெங்கோ கீழ்நாட்டு ஊர்களில் வில்லில் பாடினது. பொம்மக்கா, திம்மக்கா என்று அருந்ததியர் வீட்டுப் பெண்களைக் கட்டிக்கொண்டு, மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த பிராமணன் கதை. பட்டவராயன் என்று சாமியாகிவிட்ட அவனுக்கு இன்றைக்கும் ஜனங்கள் செருப்பு நேர்ந்து கட்டுகிறார்கள். நாங்குநேரிக்காரர் நா. வானமாமலை மாதிரி ஒருத்தர் அந்தக் கதையை வாய்மொழியிலிருந்து எடுத்து அச்சுக்குக் கொண்டுவந்தார், அதனால் பல்கலைக்கழகம் வரைக்கும் போயிற்று. அதே கோவிலைச் சுற்றியிருக்கிற காட்டில் பாடின பாட்டுக்கு அப்படி ஒரு ஆள் கிடைக்கவில்லை. இரண்டும் ஒரே தராசில் நிற்காது.

வழக்காறு மாணவன்:

நான் பாளையங்கோட்டையில் நாட்டார் வழக்காற்றியல் படித்தவன். காணிக்காரர் சாற்றுப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் வேலை பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

அம்பைக்காரன் அண்ணே, ‘பாட்டுப் பாடுங்க’ என்று போய் நின்றால் கிடைப்பது பாட்டாக இருக்காது. சாற்று என்பது நோய், பேய், பயம், வீட்டில் ஒரு கஷ்டம் என்று காரணம் இருந்து நடத்துகிற சடங்கு. பிலாத்தி என்கிறவர்தான் பூசாரியும் வைத்தியரும். ராத்திரி உட்கார்ந்தால் விடியவிடியப் போகும். கையில் கொக்கரை. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன், அது ஒரு சின்ன இரும்புக் குழாய், நீளவாக்கில் பிளந்திருக்கும், பிளவின் விளிம்பு ரம்பம் மாதிரி பல்பல்லாக வெட்டியிருக்கும். இன்னொரு கையில் இருக்கிற இரும்புக் கம்பியால் அந்தப் பல்லை மேலும் கீழும் உரசவேண்டும். கர்ரக் கர்ரக் என்று வரும். முதல் பத்து நிமிஷம் காதைக் குடையும், ஒரு மணி நேரம் ஆனபின் அது நின்றால்தான் என்னமோ மாதிரி இருக்கும். பாட்டின் ஓட்டம் எல்லாம் அந்த உரசலில் கட்டியிருக்கிறது. உரசல் வேகம் மாறுகிற இடத்தில் அழைக்கிற சாமியும் மாறும். நடுப்பகலில் கேமரா முன்னால் ஐந்து நிமிஷம் பாடச் சொன்னால் அவர் மரியாதைக்கு ஏதோ இரண்டு அடி பாடுவார், அதுதான் காணிக்காரர் பாட்டு என்று ஊரெல்லாம் சுற்றும்.

பதிவு நுட்பம் பற்றி: செல்போன் போதும், ஆனால் சுருக்காத வேவ் கோப்பாகப் பதிவாகிற செயலி போட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸாப்பில் அனுப்பினால் ஒலி சுருங்கிவிடும், அப்புறம் ஒத்து எழுத உட்காரும்போது ர-வா ற-வா என்று அடித்துக்கொள்ள வேண்டும். ஆற்றோரம் உட்காராதீர்கள், இரைச்சலைப் பிறகு நீக்கவே முடியாது. சட்டையில் மாட்டுகிற சின்ன மைக் ஒன்று வாங்கினால் பாதிப் பிரச்சினை தீரும். யார், எந்த இடம், என்ன தேதி, யாரெல்லாம் கூட இருந்தார்கள் என்பதைப் பதிவின் ஆரம்பத்திலேயே வாயால் சொல்லிவிடுங்கள். ஒத்து எழுதுவதற்கு ஈலான் என்று ஒரு மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, ஒலிக்கு நேராக வரிவரியாக எழுதிக்கொண்டே போகலாம். ஒரு மணி நேரப் பதிவை எழுத நாள்கணக்கில் ஆகும். அதுதான் உண்மையான வேலை, அங்கேதான் எல்லாத் திட்டமும் படுத்துக்கொள்ளும்.

மேலணைக்காரி:

வழக்காறு அண்ணன் சொல்வது சரி, எங்கள் தாத்தா காரணம் இல்லாமல் கொக்கரையைத் தொடவே மாட்டார். சும்மா கூப்பிட்டுவிட்டு வேலை கொடுக்காமல் அனுப்பினால் சாமிக்குக் கோபம் வராதா என்பார்.

ஆனால் எல்லாரும் பாட்டு, பாட்டு என்றே போகிறீர்கள். பாட்டைப் பிலாத்தி பார்த்துக்கொள்வார். நான் கேட்க ஆசைப்படுவது ஆச்சி சாதாரணமாகச் சொல்வதை. தேன் எடுக்கப் போன வழி, எந்த மழைக்கு எந்தப் பக்கம் பாறை வழுக்கும், யார் யாருக்கு என்ன முறை, எந்த இல்லத்தில், அதாவது எந்தக் குலத்தில், பெண் எடுக்கலாம், எதில் எடுக்கக் கூடாது, இதெல்லாம். காட்டுக்குள் போனால்தான் அந்தப் பேச்சே வாயில் வருகிறது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் ரேஷன் கடை, ஆதார், ஆஸ்பத்திரி, இதைப் பற்றித்தான் பேச்சு, அதெல்லாம் தமிழில்தான் வரும்.

காட்டை எரித்துத் திருத்தி இடம் மாற்றி விதைக்கிற விவசாயம் எப்போதோ நின்றுபோனது. முண்டந்துறை 1962இல் சரணாலயம், 1988இல் களக்காட்டையும் சேர்த்துப் புலிகள் காப்பகம். அதற்குப் பிறகு இங்கே போகாதே, அதை எடுக்காதே என்பது கூடிக்கொண்டே வந்தது. நான் குறை சொல்லவில்லை, எங்கள் பையன்கள் பலர் வனத்துறையிலேயே காவல் வேலை பார்க்கிறார்கள், காட்டை அவர்களுக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்குத் தெரியும்? ஆனால் ரோந்தில் வயர்லெஸ்ஸில் பேசுவது தமிழில். விதைப்பு நின்றதும் விதைப்புக்குப் பாடினது நின்றது, போகிற இடம் குறைந்ததும் அந்த இடத்தின் கதை குறைந்தது. இதைப் பதிவு பண்ணி எப்படிக் காப்பாற்றுவீர்கள்?

பாளை வக்கீல்:

கடைசிக் கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை, ஆனால் பதிவால் ஆகிற ஒரு உருப்படியான வேலை இருக்கிறது. யாரும் அதைச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

2006 வன உரிமைச் சட்டம், அதன் 2008 விதிகள். 13ஆவது விதியை எடுத்துப் படியுங்கள். உரிமை கோருகிறவர் என்னென்ன சான்று காட்டலாம் என்று வரிசை இருக்கிறது. அரசாங்கப் பதிவு, வரைபடம் எல்லாம் ஒரு பக்கம். அதே வரிசையில் வீடு, கிணறு, இடுகாடு, சாமி இடம் மாதிரி பழமையைக் காட்டுகிற அடையாளங்களும் இருக்கின்றன. வம்சாவளி இருக்கிறது. உரிமை கோருகிறவர் அல்லாத வேறு பெரியவர்கள் சொல்லி எழுதி வாங்கின வாக்குமூலமும் இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும், அவ்வளவுதான். குறிப்பிட்ட ஒரு வகை ஆவணம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது என்பதும் 2012 திருத்தத்தில் வந்துவிட்டது.

பட்டியல் பழங்குடி என்பதால் காணிக்காரருக்கு மூன்று தலைமுறை, 75 வருஷக் கணக்கு பொருந்தாது. 2005 டிசம்பர் 13க்கு முன்பே அந்தக் காட்டில் குடியிருந்து அதை நம்பி வாழ்ந்தார்கள் என்று காட்டினால் போதும். குடியிருக்கிற வீட்டுக்கும் பயிர் வைக்கிற இடத்துக்கும் அது சரி. ஆனால் தேன், மீன், ஈத்தை வெட்டுகிற இடம், சாமி கும்பிடப் போகிற வழி என்று ஊர்ப் பொது உரிமை கேட்கும்போது எங்கிருந்து எதுவரைக்கும் போனோம் என்பதைச் சொல்ல ஆச்சியையும் தாத்தாவையும் விட்டால் யார் இருக்கிறார்கள்? 1940களில் காரையாற்றில் மேலணை, அதாவது இப்போது பாபநாசம் அணை என்கிறது, வந்தபோது தண்ணீருக்குள் போன இடங்கள் எவை என்று எந்தக் கிராம வரைபடத்தில் தேடுவது? இன்றைக்குப் பேப்பரில் பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி என்று தினமும் நீர்மட்டம் பார்க்கிறோம். அந்த 143 அடிக்குக் கீழே என்ன கிடந்தது என்பது வாய்மொழியில் மட்டும்தான் இருக்கிறது. அதைச் சொல்லத் தெரிந்தவர், அல்லது அப்பா சொல்லக் கேட்டவர் உயிரோடு இருக்கும்போதே எழுதி வாங்குங்கள். ஆள் போனபின் அந்தச் சான்று இல்லை.

எச்சரிக்கை ஒன்று, இதைத் தடித்த எழுத்தில் படியுங்கள். பெரியவர்கள் உற்சாகத்தில் அந்தக் காலத்து வேட்டைக் கதை சொல்வார்கள். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முந்தைய கதையாகவே இருக்கலாம், ஆனால் வீடியோவில் வருஷம் எழுதி ஒட்டியிருக்காது. அதை யூடியூபில் போட்டால் நாளைக்கு ஒரு அதிகாரி அதைக் காட்டிப் பேரனை விசாரிப்பார். தேன் கூடு இருக்கிற பாறை, மருந்துச் செடி இருக்கிற இடம் இதையெல்லாம் வழியோடு போட்டுவிட்டால் அடுத்த வாரம் வெளியாள் அங்கே நிற்பான். ஒரே பதிவு ஊருக்குச் சான்றாகவும் ஆகும், ஊருக்கு எதிராகவும் ஆகும், அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கல்லிடை வாத்தியார்:

வக்கீல் சார் மருந்துச் செடி என்றதும் ஆரோக்கியப்பச்சை ஞாபகம் வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் நடந்தது. 1987இல் அகத்தியமலைக் காட்டுக்குள் ஆராய்ச்சிக்குப் போன விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டியாகப் போன காணிக்காரர்கள் ஒரு செடியின் காயைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் ஏறினார்கள். இவர்களுக்கு மூச்சு வாங்கியது, அவர்களுக்கு வாங்கவில்லை. என்ன அது என்று கேட்டபோது முதலில் சொல்லத் தயங்கினார்கள், அப்புறம் காட்டினார்கள். அதிலிருந்து ஜீவனி என்று ஒரு மருந்து. கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு 10 லட்ச ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீதத்துக்கும் உரிமம் கொடுத்தார்கள், அதில் பாதி காணிக்காரருக்கு என்று முடிவானது, 1997இல் அதற்கு ஒரு அறக்கட்டளையும் பதிவானது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலகம் முழுக்க இதைப் பேசினார்கள்.

ஆனால் அந்தச் செடியைத் தெரிந்தவர்கள் வழிகாட்டப் போனவர்கள் மட்டுமா? மற்றக் குடியிருப்புக்காரர்கள், எங்கள் எல்லாருக்கும் பொதுவானதை யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள் என்றார்கள். பிலாத்திகளுக்கும் வருத்தம். பாட்டும் கதையும் அதே மாதிரிதான். பாடினவர் சம்மதம் தனி, ஊர்ச் சம்மதம் தனி. இரண்டும் வேண்டும். ஊர்த் தலைவரான மூட்டுக்காணியிடம் பேசாமல் ஆரம்பிக்காதீர்கள்.

ஊத்து எஸ்டேட்:

நடுவில் நுழைகிறேன். நாங்கள் பழங்குடி இல்லை, மணிமுத்தாறுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து ஜனம். சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 வருஷத்துக்குக் குத்தகைக்கு விட்ட காடு, 2028இல் கெடு முடிகிறது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று அஞ்சு ஊர். தமிழ்தான் பேசினோம், ஆனால் எங்களுக்கென்று ஒரு பேச்சும் கேலியும் பட்டப்பெயரும் இருந்தன, மலையாளம் பாதி கலந்திருக்கும். 2024இல் எல்லாரையும் கீழே இறங்கச் சொல்லியாயிற்று. இப்போது ஒரு வீடு கல்லிடைக்குறிச்சியில், ஒரு வீடு அம்பையில், ஒரு வீடு திருப்பூரில். எங்கள் அம்மாவை உட்கார வைத்து நாலுமுக்கு லைன் வீட்டுக் கதை கேட்டால் பாதியில் நிறுத்தி ‘அது அந்த மேரிக்குத்தான் தெரியும்’ என்கிறது. மேரி அத்தை இருப்பது தூத்துக்குடியில். ஒரு கதையை ஒருத்தர் தனியாகச் சொல்லிவிட முடியாது போலிருக்கிறது, ஒருத்தர் தொடங்க, இன்னொருத்தர் ‘இல்ல இல்ல அப்படியில்ல’ என்று வெட்டினால்தான் முழுசாக வருகிறது.

காணிக்காரர்கள் இன்னும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். ஒருத்தராகக் கூப்பிட்டுப் பேட்டி எடுக்காதீர்கள், இரண்டு மூன்று பேரைச் சேர்த்து உட்கார வையுங்கள்.

வழக்காறு மாணவன்:

இது பெரிய யோசனை அக்கா. வெட்டிப் பேசுகிற இடத்தில்தான் தகவல் இருக்கும். மலைக்கு அந்தப் பக்கக் காணிக்காரர், மார்த்தாண்டவர்மா காட்டில் ஒளிந்திருந்தபோது காப்பாற்றினோம் என்று சொல்வார்கள். ஓணத்துக்கு முன்னால் தேன், வாழைக்குலை என்று மலைச்சரக்கோடு திருவனந்தபுரம் அரண்மனைக்குப் போய் ராஜகுடும்பத்தைப் பார்த்துவருகிற வழக்கம் இன்றும் உண்டு. அரண்மனையில் கேட்டால் ராஜபக்தி என்பார்கள், மலையில் கேட்டால் நாங்கள் செய்த உதவிக்கு அவர்கள் காட்டுகிற நன்றி என்பார்கள். யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பதிலேயே கதை புரண்டுவிடுகிறது. அதனால் எது சரியான கதை என்று தேடி ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடாதீர்கள்.

தாமிரவருணித் தண்ணீ:

சட்டத்தில் சான்றாக நிற்கும் என்பது எனக்குப் புதுசு. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைகள் பேசுவதற்கு அது என்ன செய்யும்? கோர்ட்டுக்குக் காகிதம் கிடைக்கும், அந்தத் தம்பி போனில் தமிழில்தானே பேசப் போகிறான்?

மேலணைக்காரி:

அண்ணாச்சி கேட்பது நியாயம்தான். நானும் தம்பியும் இதைப் பேசியிருக்கிறோம். அவனுக்கு வெட்கம்தான் பிரச்சினை. சின்னப் பிள்ளையில் விட்டுப்போனதால் தப்பாகப் பேசிவிடுவோமோ என்று பயம், ஆச்சி சிரித்துவிடும் என்று பயம். ஆச்சி சிரிக்கத்தான் செய்யும், அது வேறு விஷயம்.

எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. வெளியாள் வந்து கேட்பதற்குப் பதிலாக அவனை விட்டே கேட்க வைத்தால் என்ன? அவன் கையில் மைக்கைக் கொடுத்து, நீ தமிழில் கேள், ஆச்சி எங்கள் பேச்சில் சொல்லட்டும் என்று விட்டால் ஆச்சி தமிழுக்கு இறங்க வேண்டிய அவசியம் இல்லை, பதிவாகுதே என்று முழுசாகப் பேசும். வழக்காறு அண்ணன் சொன்ன ஈலானில் வரிவரியாக எழுத உட்கார்ந்தால் ஒரே வரியை இருபது தடவை கேட்டாக வேண்டும் இல்லையா, அதற்கு மேல் ஒரு பேச்சைப் படிக்க என்ன பள்ளிக்கூடம் வேண்டும்? கூலி கொடுத்தால் இன்னும் இரண்டு பையன்கள் வருவார்கள், சும்மா வரச் சொன்னால் வரமாட்டார்கள், மிளகு பறிக்கப் போனாலாவது காசு கிடைக்கும்.

எழுதுவது தமிழ் எழுத்திலேயே இருக்கட்டும். எல்லா ஒலியும் சரியாக வராது என்று தெரியும், எங்கள் பையன்களுக்குத் தெரிந்த எழுத்து அதுதான்.

அம்பைக்காரன்:

சரி, யூடியூப் யோசனையைத் தூக்கிவிட்டேன். நாங்கள் பதிவு பண்ணுகிறோம் என்பதையும் தூக்கிவிட்டேன். கீழிருந்து நாங்கள் என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள். எங்கள் ஐந்து பேரில் ஒருத்தன் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். பழைய மடிக்கணினி இரண்டு தேற்றிவிடலாம். மைக் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கிவிடுவோம். கூலிக்குப் பணம் மாதாமாதம் எவ்வளவு போட முடியும் என்று இவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன், வாக்கு இப்போதே கொடுக்கவில்லை.

எங்கே சேமிப்பது? மைசூர் இந்திய மொழிகள் நடுவண் நிறுவனம் 2013 முதல் 10,000 பேருக்குக் குறைவாகப் பேசுகிற மொழிகளுக்கென்று ஒரு திட்டம் வைத்திருப்பதாகப் படித்தேன். அங்கே ஒரு பிரதி கொடுக்கலாமா?

பாளை வக்கீல்:

கொடுக்கலாம், ஆனால் அது இரண்டாவது. முதல் பிரதி குடியிருப்பில். அதற்கு அப்புறம் எது வெளியே போகலாம், எது போகக் கூடாது என்று அவர்களே மூன்றாகப் பிரிக்கட்டும்: யாரும் கேட்கலாம், காணிக்காரர் மட்டும் கேட்கலாம், வீட்டார் மட்டும் கேட்கலாம். சாற்றும் வேட்டைக் கதையும் எந்தப் பெட்டியில் விழும் என்பதை நாம் சொல்லக் கூடாது.

வாக்குமூலமாக எழுதுவதைப் பாட்டு, கதைப் பதிவோடு கலக்காதீர்கள். அதற்குக் கிராம சபை, வன உரிமைக் குழு என்று தனி நடைமுறை இருக்கிறது. பெரியவர் கையெழுத்தோ கைரேகையோ, பக்கத்தில் இருந்தவர்கள் கையெழுத்து, தேதி எல்லாம் வேண்டும். அவர் மலம்பாஷையில் சொன்னால் அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி, கீழே தமிழில் விளக்கம் எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டி வாங்குங்கள். சம்மதப் படிவம் ஒரு பக்கத்துக்குள் நான் அடித்துத் தருகிறேன், காசு வேண்டாம். வேண்டாம் என்று பிறகு திரும்பப் பெறுகிற உரிமையும் அதில் இருக்கும்.

மேலணைக்காரி:

மூட்டுக்காணியிடம் நான் பேசுகிறேன். ஒத்துக்கொள்வாரா என்று தெரியாது. போன தடவை வீடியோக்காரர்களால் அவருக்கு வசவு விழுந்தது, அதனால் முதலில் இல்லை என்றுதான் சொல்வார், இரண்டு தரம் போகவேண்டியிருக்கும். நீங்கள் யாரும் இப்போதைக்கு மேலே வரவேண்டாம். படிவத்தை எனக்கு அனுப்புங்கள் வக்கீல் சார், அவரிடம் வாசித்துக் காட்டிவிட்டு என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுகிறேன்.

அம்பை அண்ணே, மடிக்கணினியில் பேட்டரி நிற்குமா என்று பார்த்துக் கொடுங்கள், மழைக்காலத்தில் கரண்டு போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.